வளைக்குள் நுழையாத பெரியவர்கள்

மொட்டைப் பாறையின் உச்சியில் ஏறி நின்றால் மட்டும் டவர் கிடைக்கும் ஒரு காட்டில், வடிவு என்றொரு அழுங்கு இருந்தாள். அழுங்கு தெரியும்தானே, பிள்ளைகளே? உடம்பெல்லாம் செதில் செதிலாக ஓடு போர்த்திக்கொண்டு, யாராவது உற்றுப் பார்த்தால் போதும், பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அதுதான்.

மண் தோண்டுவதில் வடிவு கெட்டிக்காரி. பேச்சு மட்டும் வராது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலே சுருண்டுவிடுவாள். பதில் வயிற்றுக்குள்ளிருந்து மெதுவாக வரும்.

மூன்று வருடம் அவள் கங்காணி நரியிடம் வேலை பார்த்தாள். முயலுக்கும் கீரிக்கும் உடும்புக்கும் எலிக்கும் வளை தோண்டிக் கொடுப்பது நரியின் தொழில். அவர் தோண்டச் சொல்லும் வளைகளில் வாசல் மட்டும் எப்போதும் அகலமாக இருக்கும். காற்று வர வேண்டுமாம். காற்று வந்தது. கூடவே அவரும் வந்துபோனார் போலிருக்கிறது. மாதத்துக்கு ஒரு வீட்டில் தலை எண்ணினால் ஒன்று குறையும்.

வடிவுக்கு மெல்ல மெல்லத்தான் விஷயம் புரிந்தது. புரிந்த அன்று ஒரு எலிக்கு வாசலைச் சின்னதாகத் தோண்டினாள். நரி அதைக் காலால் இடித்து அகலமாக்கினார். வடிவு வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். "வடிவு வளைப்பணி" என்று பெயரும் வைத்தாள்.

நரி வெற்றிலை போட்டவர் மாதிரி வாயைக் குதப்பிக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"பத்து நாள்ல மழை. மழை விழுந்தா மண்ணு சேறு. தை பொறக்கிற வரைக்கும் ஒரு குழி தோண்ட முடியாது. ஆளைப் பார்த்தா சுருண்டுக்கிற உன்னை நம்பி எவன் வேலை கொடுப்பான்? அதுக்குள்ள ஒரு ஆர்டர் வரலைன்னா நம்ம வாசலுக்குத்தான் வரணும், பாப்பா."

வடிவு சுருண்டாள். உள்ளேயே இருந்து யோசித்தாள். திரும்பிப் போனால் மறுபடி அகல வாசல் தோண்ட வேண்டும். மறுபடி யார் வீட்டிலாவது தலை குறையும்.

அவள் தோழி முயல் செவந்திதான் வழி சொன்னாள். செவந்தி பேசினால் பொரி பொரிகிற மாதிரி இருக்கும். "நீ பேச வேணாம்டி. உனக்குப் பதிலாப் பேச ஒரு வெப்சைட் வச்சுக்கோ. சாயங்காலம் ஆனா மொத்தக் காடும் பாறைமேல போன் வச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கு."

காட்டில் வெப்சைட் செய்து தருபவர் ஒருவர்தான், மயில் சிங்காரம். வடிவு போனபோது அவர் போனின் கறுப்புத் திரையில் தன் கொண்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தோகையைப் பாதி விரித்தார்.

"ஒரு கிராண்ட் லுக் கொடுத்துடலாம். யார் யார் படம் போடறோம்?"

தோண்டிய வளைகளின் படம் போதுமே என்றாள் வடிவு. மயில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்தக் காட்டில் எந்தக் கடை திறந்தாலும் பெரியவர்கள் படம் மேலே வரிசையாக நிற்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று விளக்கினார். போன வருடம் கொக்கின் மீன்கடை வெப்சைட்டில் கரடியார் படம் விட்டுப்போய், கரடியார் கொக்கு குடியிருந்த மரத்தையே உலுக்கி எடுத்துவிட்டாராம். வளை எவ்வளவு ஆழம், எத்தனை வாசல் என்பதையெல்லாம் கடைசியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார். யார் படிக்கப்போகிறார்கள்?

மூன்றாம் நாள் மாதிரிப் பக்கம் தயாரானது. வடிவு அதைப் பாறைமேல் கொண்டுபோய் முதலில் செவந்தியிடம் காட்டினாள்.

செவந்தி ஆசையாகத் திறந்தாள். திரை முழுக்கப் புலியார். வாய் திறந்திருந்தது. அதோடு விட்டாரா மயில்? பக்கம் திறந்ததும் வரவேற்பு உறுமல் வேறு வைத்திருந்தார்.

போன் ஒரு பக்கம் பறந்தது, செவந்தி ஒரு பக்கம் பறந்தாள். தேடித் தேடிக் கடைசியில் ஒரு முட்புதருக்குள்ளிருந்து வடிவு அவளை இழுத்தெடுத்தாள்.

"படம்னு எனக்குத் தெரியும்டி," என்றாள் செவந்தி மூச்சு வாங்க. "என் காலுக்குத் தெரியல."

வடிவுக்குத் தலை சுற்றியது. அவளிடம் வளை வாங்க வருகிறவர்கள் முயலும் எலியும் கீரியும். புலிப் படம் இருந்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள். புலிப் படம் இல்லாவிட்டால் புலியே வந்துவிடும். இன்னும் ஏழு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் அவள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். "செவந்தி, வளை வாங்கறதுக்கு முன்னால உனக்கு என்ன தெரியணும்?"

செவந்தி கால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். "ஆழம் கீழமெல்லாம் அப்புறம். யாரு உள்ள வர முடியாது? அதைச் சொல்லு முதல்ல."

வடிவு சுருண்டாள். பந்துக்குள்ளிருந்து கிளுகிளுவென்று சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, மயிலையும் இழுத்துக்கொண்டு அவள் புலியாரின் குகைக்குப் போனாள். புலியார் எழுந்து நின்றதும் வழக்கம்போல் சுருண்டுவிட்டாள். ஆனால் பேசினாள்.

"உங்க படம்தான் முதல்ல வருது, ஐயா. கீழே உங்க வாயால ஒரு வரி வேணும். என் வளைக்குள்ள உங்களால நுழைய முடியுமா?"

மயிலின் தோகை தானாகவே மடங்கிக்கொண்டது. புலியார் பந்தை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு குகை அதிரச் சிரித்தார்.

"நாமா? இந்த மார்பு உன் பொந்துக்குள் அடங்குமா? நம் மீசைகூட நுழையாது. அப்படியே எழுது."

கரடியார் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, இதுகூட நுழையாது என்று போடச் சொன்னார். சிறுத்தையார் தன் வால் நுனிக்கே இடம் பற்றாது என்றார். ஒருவர் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போய், ஒவ்வொருவரும் முந்தையவரைவிடப் பெரியவராகிக்கொண்டே போனார்கள்.

இதைக் கேள்விப்பட்டு நரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "எல்லாப் பெரியவங்களும் இருக்காங்களாமே. நமக்கு என்ன போட்டிருக்க?"

"உங்களுக்கு ஒண்ணும் போடல, ஐயா," என்றது பந்து. "நீங்க கொஞ்சம் ஒல்லி. நுழைஞ்சாலும் நுழைஞ்சிடுவீங்களோன்னு..."

"யாரு ஒல்லி?" நரியின் மயிரெல்லாம் சிலிர்த்தது. "என் மூக்கு நுனிகூட நுழையாது. எழுது. பெரிய எழுத்துல எழுது. புலியாருக்குப் பக்கத்துலயே போடு."

மயில் எழுதிக்கொண்டார். அவருக்கே இப்போது சுவாரசியம் வந்துவிட்டது. உறுமலை எடுத்தார். படங்களை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டார்: "இவர்கள் யாரும் எங்கள் வளைக்குள் நுழைய முடியாது. அவர்களே சொல்கிறார்கள், கேளுங்கள்."

அன்று சாயங்காலம் பாறைமேல் எலிகள் ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தன. படித்தன. பிறகு இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு, புலியாரின் வரியை ஒரு எலி புலிக் குரலிலேயே படித்துக் காட்ட, பாறையே சிரித்தது. விளக்கு அணைக்குமுன் பதினோரு ஆர்டர். மறுநாள் நாற்பது. யாரும் வடிவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. ஆழமும் வாசலும் வெப்சைட்டிலேயே இருந்தன.

பெரியவர்களும் பாறைக்கு வந்து, தங்கள் படம் வரிசையில் இருப்பதைப் பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். எல்லோரிலும் அதிகம் பூரித்தவர் நரிதான். புலியாருக்குப் பக்கத்தில் இருக்கும் தன் படத்தைக் கண்ணில் பட்டவருக்கெல்லாம் காட்டினார். ஒரு கீரியிடம் காட்டியபோது, அது வரியைப் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டது. "அப்ப நீங்க தோண்டித் தர்ற வளைக்குள்ள நுழைவீங்களா, ஐயா?"

நரி போனைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினார். மறுநாளே அவரிடம் வளை வாங்கியவர்கள் எல்லோரும் வடிவைத் தேடி வந்தார்கள். அவரிடம் மண் தோண்டிக்கொண்டிருந்த பெருச்சாளிகளும் வடிவிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டன.

பத்தாம் நாள் மதியம் வானம் பொத்துக்கொண்டது. அதற்குள் எழுபத்திரண்டு வளைகள் முடிந்திருந்தன. அத்தனையிலும் முயலும் எலியும் காய்ந்த புல்மேல் கால் நீட்டிப் படுத்திருந்தன. தலைகளை எண்ணினால் கணக்குச் சரியாக இருந்தது.

நனைந்து சொட்டிக்கொண்டு நரி செவந்தியின் வாசலுக்கு வந்தார். மூக்கை வைத்து அழுத்தினார். திருப்பி வைத்து அழுத்தினார். உள்ளேயிருந்து செவந்தியின் குரல் கேட்டது.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், ஐயா."

நீதி: வாங்க வருகிறவரின் பயம் என்னவென்று முதலில் கேட்டு, அதற்குப் பதில் சொல்கிறவரின் தொழிலே நிலைக்கும்.