ஒத்தக்காது எலிக்கு ஒரு கைப்பிடி

வா ரோசா, என் கை மேல தலைய வெச்சுப் படு. கொசுவலைய உள்ள சொருகினியா? கால் பக்கம்? அங்கதான் வரும் சனியன், நல்லாச் சொருகு. வெதைநெல்லுப் பானைய மூடினேனா தெரியலையே... மூடினேன், மூடினேன். மேல கல்லுகூட வெச்சேன். சரி, கேளு. நடுவுல "ம்" சொல்லணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டன்னு நிறுத்திடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு எலி இருந்துச்சு. அதுக்கு ஒரே ஒரு காதுதான்.

"இன்னொரு காது எங்க பெரிம்மா?"

மண்வெட்டி பட்டுப் போயிடுச்சு. யாரு மண்வெட்டி? தேசம்மா மண்வெட்டி. தேசம்மா அந்த ஊர்ல எலி பிடிக்கிறவ. நம்மள மாதிரி இருளர் சனம். புருசன் போய்ச் சேந்துட்டான், கன்னியம்மான்னு ஒரே பொண்ணு, உன் வயசுதான். கடலுக்குப் பக்கத்து ஊரு அது. ஒரு பக்கம் நெல்லு வயலு, இன்னொரு பக்கம் உப்புத்தண்ணி ஓடற கழி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மண்கரை. அந்தக் கரை மேலதான் தேசம்மா குடிசை.

வயலு வேதகிரின்னு ஒருத்தரோடது. கதிரு முத்தினா எலி வந்துடும். கறுக் கறுக்னு அறுக்கும், வளைக்குள்ள இழுத்துட்டுப் போயி சேத்து வெக்கும். அப்போ வேதகிரி தேசம்மாவக் கூப்பிடுவாரு. அவ ஓட்டைச் சட்டியில வைக்கோலப் போட்டு, நெருப்பு வெச்சு, வளை வாயில கவுத்து, ஃபூ... ஃபூ...ன்னு ஊதுவா. எலி இருமிக்கிட்டே வெளிய வரும்.

"எலி இருமுமா?"

நீ அடுப்புப் புகையில இருமறல்ல? அதுக்கும் மூக்கு இருக்குல்ல. குறுக்க கேக்காத.

அப்புறம் வளைய வெட்டுவா. எலி சேத்து வெச்ச நெல்லு உள்ள குமிஞ்சு கெடக்கும். அதுதான் அவ கூலி. ஆனா மொத்தத்தையும் எடுக்க மாட்டா. ஒரு கைப்பிடி நெல்ல உள்ளயே வெச்சு, மண்ணத் தள்ளி மூடிட்டுத்தான் எழுந்திருப்பா. அவ அம்மா அப்படித்தான் செஞ்சா, அம்மாவோட அம்மாவும் அப்படித்தான். தப்பிச்சுப் போன எலி திரும்பி வந்தா அதுக்கும் பசிக்கும்ல?

வேதகிரிக்கு இதப் பாத்தா எரியும். "ஏ தேசம்மா, உன்ன எலி பிடிக்கக் கூப்பிட்டேனா, எலிக்கு விருந்து வெக்கக் கூப்பிட்டேனா? அடுத்த வருசமும் வேலை வேணும்னுதான வெச்சுட்டுப் போற?"

"ஆமாங்கய்யா. நான் வரலைன்னா நீங்க யார ஏசுவீங்க, பாவம்?"

இப்படியே போயிட்டு இருந்துச்சு. ஒரு வருசம் வெட்டும்போது ஒரு குட்டி எலி காதுல மண்வெட்டி பட்டுச்சு. கீச்! ரத்தத்தோட ஓடிடுச்சு. தேசம்மாவுக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. அதுலேருந்து அந்த எலிய மட்டும் அவ பிடிக்கிறதில்ல. குறுக்க ஓடினா, "போடா ஒத்தக்காதா"ன்னு விட்டுடுவா.

"ம்."

அப்புறம் ஒரு நாள் காத்து அடிச்சுது. ஹோ...ன்னு. தென்னை மரமெல்லாம் தலைய விரிச்சுப் போட்டு ஆடுச்சு. கடலு கரையத் தாண்டி வந்துச்சு. முத்தின கதிரெல்லாம் மூணு நாள் உப்புத்தண்ணிக்குள்ள கெடந்துச்சு. தண்ணி வடிஞ்சப்போ, தோசைக்கல்லுல மாவு காஞ்ச மாதிரி வயலெல்லாம் வெள்ளையா உப்பு.

அப்போ வேதகிரி வீட்டுல இருந்த வெதைய எடுத்து வெதைச்சாரு. ரெண்டு விரல் ஒசரம் வந்துச்சு, நுனி செவந்துச்சு, கருகிச்சு. அப்புறம் டவுனுக்குப் போயி புது வெதை வாங்கிட்டு வந்தாரு, பையில படமெல்லாம் போட்டிருந்துச்சு. அது ஒரு விரல் ஒசரத்துலயே கருகிச்சு. அவரும் பாவம், வரப்புல குந்திக்கிட்டு மண்ண அள்ளி மோந்து பாப்பாரு. கண்ணுல தண்ணி நிக்கும்.

அப்போ வெளியூர்லேருந்து ஒரு ஆளு வந்தான். "உப்பு ஏறின நெலத்துல நெல்லு எதுக்கு? எங்கிட்ட விடுங்க. பொக்லைன் கொண்டாந்து குட்டை வெட்டி இறால் விடறேன்."

வேதகிரி யோசிச்சாரு. "இன்னும் ஒரே ஒரு தடவை வெதைச்சுப் பாக்கறேன். அதுவும் கருகினா எடுத்துக்க."

தேசம்மா காதுல இது விழுந்துச்சு. வயலு குட்டையாயிட்டா நெல்லு ஏது? நெல்லு இல்லைன்னா எலி ஏது? கரையையும் வெட்டிடுவான், குடிசை ஏது? கன்னியம்மாவக் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போவா?

"எங்க போனா பெரிம்மா?"

எங்கயும் போகல, பயப்படாத. நான் இருக்கேன்ல. கேளு.

வீட்டுல ஒரு பருக்கை இல்ல. கன்னியம்மா அழுதா. தேசம்மா மண்வெட்டிய எடுத்தா, அவளையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பினா. மொத வளைய வெட்டினா. களக் களக்னு தண்ணி மட்டும். ரெண்டாவது வளைய வெட்டினா. நெல்லு இருந்துச்சு, ஆனா கறுத்து அழுகி, ஐய, ஒரே நாத்தம். மூணாவது வளை கழி ஓரத்துல, கரைச் சரிவுல. வெட்டப் போனா, உள்ளேருந்து தலைய நீட்டிச்சு பாரு... யாரு?

"ஒத்தக்காது!"

ஒத்தக்காதேதான். தேசம்மாவ ஒரு பார்வை பாத்துச்சு, நகந்து ஓடிடுச்சு. தேசம்மா அப்படியே நின்னா. "உன்னத் தொட மாட்டேன்னு இருந்தேன். எம் பொண்ணுக்குப் பசிக்குதுடா"ன்னு சொல்லிட்டு வெட்டினா. உள்ள மூணே மூணு கைப்பிடி நெல்லு. செவப்பு நெல்லு, மீசை நீளமா. அமாவாசைக்குக் கழித்தண்ணி ஏறி வளையெல்லாம் ஈரம். ஆனா அந்த நெல்லு அழுகல. பால் பல்லு மாதிரி வெள்ளையா மொளை விட்டிருந்துச்சு!

தேசம்மா ஒரு நெல்ல எடுத்து நாக்குல வெச்சா. உப்பு! "எல்லா நெல்லும் இந்தத் தண்ணியிலதான் செத்துச்சு. இது மட்டும் எப்படி மொளைக்குது?" எலி நடந்த தடத்தப் பிடிச்சுக்கிட்டே போனா. கோரைப் புல்லுக்கு நடுவுல, முழங்கால் உப்புத்தண்ணியில, அஞ்சாறு நெல்லுச் செடி தானா நின்னுச்சு. யாரு எந்தக் காலத்துல போட்டாங்களோ. கதிரையெல்லாம் ஒத்தக்காது அறுத்துட்டு வெறும் தாளா விட்டிருந்துச்சு. இனிமே அந்த மூணு கைப்பிடிதான்.

அப்போ ஒரு கைப்பிடி கன்னியம்மா கஞ்சிக்கு. ஒரு கைப்பிடி வேதகிரிக்கு, வெதைக்கு. மூணாவது கைப்பிடி?

"அதுவும் வெதைக்கு! எலிக்கு வெக்கக் கூடாது பெரிம்மா!"

கன்னியம்மாவும் அப்படித்தான் சொன்னா. "இன்னிக்குமா எலிக்கு வெப்ப? நமக்கே இல்லம்மா." தேசம்மா வளைகிட்டத் திரும்பி வந்து குனிஞ்சா. வெச்சா, எடுத்தா. மறுபடி வெச்சா, மறுபடி எடுத்தா. அப்புறம், "இது அதோட வீடுடி. அது சேத்ததத்தான் நாம எடுக்கறோம்"ன்னு சொல்லி, வெச்சு மூடிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டா. திரும்பிப் பாத்தா எடுத்துடுவோம்னு பயம்.

"ம்..."

ரெண்டாவது கைப்பிடிய முந்தானையில முடிஞ்சு வேதகிரிகிட்டப் போனா. "ஐயா, இந்த நெல்லு உப்புத்தண்ணியில மொளைக்குது. மொளச்சு வெளைஞ்சா, எங் குடிசையும் கரையோரத் துண்டும் எனக்கு. நான் நட்டு நான் அறுப்பேன்."

"எலி பிடிக்கிறவளுக்கு நெலம் எதுக்கு?"

"எலிக்கே வீடு இருக்கும்போது எனக்கு இருக்கக் கூடாதாங்கய்யா?"

வேதகிரி சிரிச்சுட்டாரு. ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சாரு. "சரி, மொளைக்கட்டும்"ன்னாரு. நல்லாச் சேறாக்கி, வயலு நடுப்பள்ளத்துல வெதைச்சாரு. மூணாவது வெதைப்பு. நாலு நாள்ல பச்சை தெரிஞ்சுது, கருகல! எல்லாரும் வந்து வந்து பாத்தாங்க. பத்தாம் நாள் காலையில பாத்தா... ஒண்ணுகூட இல்ல.

"கருகிடுச்சா?"

இல்ல. நண்டு! கடல் தண்ணியோட வந்த நண்டுங்க, சரக் சரக்னு அத்தனையும் வெட்டிப் போட்டுடுச்சு. வேதகிரி தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "அவ்வளவுதான் தேசம்மா. பொக்லைன் வந்துடும்."

தேசம்மா சட்டி பானைய மூட்டை கட்டணும்னு குடிசைக்கு நடந்தா. கரை மேல போனப்போ கன்னியம்மா கத்தறா. "அம்மா, இங்க வாயேன்! ஒத்தக்காது நாத்து விட்டிருக்கு!"

ஓடிப் போயி பாத்தா, எலி வளை வாசல்ல, அது தோண்டிப் போட்ட மண்மேட்டுல, பச்சைப் பசேல்னு நாத்து. ஒரு ஜாண் ஒசரம்! என்ன ஆச்சுன்னா, மொளை விட்ட நெல்லு எலிக்குப் பிடிக்கல. வளையச் சுத்தம் பண்ணும்போது மண்ணோட மண்ணா வெளியத் தள்ளிடுச்சு. அது அங்கயே வேர் விட்டுடுச்சு.

"அங்க நண்டு வரலையா?"

அப்படிக் கேளு! தேசம்மாவும் அதத்தான் பாத்தா. மேடச் சுத்தி நண்டு ஓடு கெடக்குது, கால் கெடக்குது, கொடுக்கு கெடக்குது. ஒத்தக்காதுதான் நண்டத் தின்னு தின்னு போட்டிருக்கு. எலி வாசலுக்கு எந்த நண்டு வரும்?

தேசம்மா இன்னொண்ணும் பாத்தா. பள்ளத்து மண்ண நக்கினா, உப்பு. மேட்டு மண்ண நக்கினா, உப்பு கம்மி. முந்தின வாரம் பேஞ்ச மழை மேட்டு உப்பக் கரைச்சுக் கீழ எறக்கிடுச்சு.

வேதகிரிகிட்ட ஓடினா. மூச்சு வாங்குது. "ஐயா, எலி மேட்டுல நட்டுச்சு, நீங்க பள்ளத்துல நட்டீங்க. எலி மாதிரி மேடு மேடாக் கட்டுங்க. நண்டுக்கு எலிய விடுங்க. கொஞ்ச நாள் நானும் எலி பிடிக்க மாட்டேன்."

"எலிகிட்ட வெவசாயம் படிக்கச் சொல்றியா?"

"என்கிட்ட எதிர்ப்பேச்சு கேட்டுக்கப் படிச்சீங்கல்ல, இதையும் படிங்க."

ஒவ்வொரு நாத்தா, வேர் அறுந்துடுமோன்னு பயந்து பயந்து, மண்ணோட பேத்தாங்க. நாப்பது நாத்து. நாப்பது சின்ன மேடு. டொப் டொப்னு கன்னியம்மா கையால தட்டித் தட்டி மண்ண இறுக்கினா. ரெண்டாம் நாள் டமடமன்னு பொக்லைன் வந்து நின்னுச்சு. வேதகிரி நாப்பது மேட்டையும் ஒரு தடவை பாத்தாரு. அந்த ஆளையும் ஒரு தடவை பாத்தாரு.

"குட்டை வேணாம்பா. வண்டியத் திருப்பு. பாத்துத் திருப்பு, நாத்து இருக்கு."

அன்னிக்குச் சாயங்காலம் மழை பேஞ்சுது. சட சட சட சட. தேசம்மா குடிசை வாசல்ல நின்னு நனைஞ்சா. காய்ச்சல் வந்துடும்னுகூட நெனைக்கல. கைய மேல தூக்கி, "கன்னிமாரு சாமிங்களே, நல்லா இருங்க"ன்னா. கேக்கறியா?

"ம்..."

நாப்பதும் நின்னுச்சு. ஒண்ணு ஒண்ணும் அடியில பத்துத் தண்டாத் தூரு விட்டுச்சு. கதிரு வந்துச்சு, செவப்பா, நீள மீசையோட. அந்த வருசம் அதுல ஒரு நெல்ல யாரும் திங்கல. கூலிக்குப் போனாங்க, கெழங்கு தோண்டித் தின்னாங்க, நண்டுக் குழம்பு வெச்சாங்க. வெதைய மட்டும் தொடல. மறு வருசம் ஒரு மூலை. அதுக்கு மறு வருசம் வயலு பூராவும் மேடு மேடா நெல்லு. பக்கத்து ஊர்க்காரங்க சிரிச்சாங்க, அப்புறம் வெதை கேட்டு வந்தாங்க. சிரிச்சவங்களுக்கும் தேசம்மா ஒரு கைப்பிடி குடுத்தா. கரையோரத் துண்டு அவளோடதாச்சு, வேதகிரி சொன்ன சொல்லக் காப்பாத்தினாரு.

அறுப்பு அன்னிக்கு எல்லாரும் வேதகிரியத் தேடறாங்க. ஆளக் காணோம். எங்கன்னு பாத்தா, கரை மேல, எலி வளைகிட்ட, அவ்வளவு பெரிய மனுசன் முட்டி போட்டுக் குனிஞ்சிருக்காரு. மொதல்ல அறுத்த நெல்லுல ஒரு கைப்பிடிய உள்ள வெக்கறாரு. "ஒத்தக்காதா, இந்தா சாமி. உன்னாலதான்."

தேசம்மா பின்னால வந்து நின்னா. "என்னங்கய்யா, அடுத்த வருசமும் எனக்கு வேலை வெக்கிறீங்களா?"

வேதகிரி முட்டியத் தட்டிக்கிட்டு எழுந்தாரு. "நீ வரலைன்னா நான் யார ஏசுவேன்?"

உள்ளேருந்து மெதுவா, கீச்.

ரோசா? ... சாயங்காலம் நீ குடிச்ச கஞ்சி என்ன நெறம் சொல்லு?

"...செவப்பு."

ஆமா கண்ணு. நம்ம பானையிலயும் அந்த நெல்லுதான் இருக்கு. ஒரு கைப்பிடி கரையில எலி வளையிலயும் வெச்சுட்டு வந்தேன். கல்லு வெச்சேனான்னுதான்... வெச்சேன், வெச்சேன்.

எலி வளைக்குள்ள போச்சு, கதை எலியோட போச்சு. நீ போர்வைக்குள்ள போ, தங்கம்.