மிளகு ஏறிய மலை

நாச்சியப்பன் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது கூடவே ஒரு நாயும் வந்தது.

அவருக்கு அறுபது வயது. ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவிலேயே காலம் கழித்தவர். மனைவி சிகப்பி இறந்த பிறகு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. மகன் வெளிநாட்டில். நாயை யாரிடம் விடுவது என்று தெரியாமல் அதையும் கூட்டி வந்துவிட்டார்.

மடத்தை நடத்திவந்தவர் உமையாள். நாச்சியப்பனைவிட வயதில் மிகவும் இளையவர். மலையில் நடப்பார், சமைப்பார், யாராவது கேட்டால் பதில் சொல்வார். அங்கே தங்கியவர்கள் அவரை அம்மா என்றார்கள். நாச்சியப்பனும் அப்படியே அழைத்தார். உமையாள் அவரை அண்ணே என்றார்.

நாயின் பெயர் மிளகு. கன்னங்கரேல் என்று இருக்கும். நாச்சியப்பன் போகும் இடமெல்லாம் போகும், ஆனால் கொஞ்சம் தள்ளியே போகும். அவர் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தால்தான் வந்து தின்னும்.

"உங்க நாயா அண்ணே?" என்று முதல் நாள் உமையாள் கேட்டார்.

"அவளோட நாய்மா" என்றார் நாச்சியப்பன்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த நாச்சியப்பன் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உமையாள் முன் வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சிகப்பிக்கு மலைன்னா உசுரு. ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. கடையில லீவு கிடைக்காது. கடைசிவரைக்கும் போகவே இல்ல. இப்ப நானாவது ஏறணும்னு தோணுது. மனசு குளிர்ற மாதிரி ஒரு மலை சொல்லுங்க."

உமையாள் முற்றத்தில் நின்றபடியே கையை நீட்டினார்.

"அதோ, மூணு கொம்பு தெரியுதே, அது சூலமலை. இங்க இருக்கறதுலயே உசரம். பாதி வழிக்கு மேல மரமும் கிடையாது, தண்ணியும் கிடையாது. எல்லாம் மொட்டைப் பாறை. உச்சியில நின்னா நாலு ஊரும் தெரியும்."

"சரி."

"அதுக்குப் பின்னால இருக்கறது காப்புக்காடு. நாயைக் கொண்டுபோக விடமாட்டாங்க. இந்தப் பக்கம் நாணல் மேடு. அதுவும் உசரம்தான், சூலமலை அளவுக்கு இல்ல. மண்பாதை. ஓடை கூடவே வரும். மழை பெய்ஞ்சா மூட்டம் போட்டுரும், எதிர்ல நிக்கற ஆளே தெரியாது."

நாச்சியப்பன் யோசிக்கவே இல்லை.

"சூலமலைதான்மா. கடையிலயும் உசத்தியான புடவையைத்தான் முதல்ல விரிப்போம். அதைப் பாத்த கண்ணுக்கு அப்புறம் எதுவும் பிடிக்காது."

"நாய்?"

"அவ இருந்திருந்தா கூட்டிட்டுத்தான் போயிருப்பா."

உமையாள் மறுக்கவில்லை. "நானும் வரேன்" என்றார்.

மறுநாள் வெள்ளெனவே கிளம்பினார்கள். பாதி வழிவரை நிழல் இருந்தது. அங்கே ஒரு சுனை. மிளகு நிறையத் தண்ணீர் குடித்தது. உமையாள் பக்கத்திலிருந்த ஆலமரத்தடியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா உக்காந்துட்டீங்க?"

"அந்தப் பாறையில செருப்பைக் கழட்டிட்டுக் கொஞ்சம் நில்லுங்க."

நாச்சியப்பன் செருப்பைக் கழற்றினார். வெயில் ஏறியிருந்தது. பாறையில் கால் வைத்தவர் ஒரு காலைத் தூக்கினார், அதை வைத்துவிட்டு மறு காலைத் தூக்கினார். பிறகு குதித்து இறங்கிவிட்டார்.

வெறுங்காலோடு நின்ற மிளகு தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

அவர் உச்சியைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத்தான் தெரிந்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டமே" என்றார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கோம்."

அவர் போனார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மிளகு முனகுவது கேட்டது. திரும்பினார். உமையாள் அதன் கழுத்தைப் பிடித்திருந்தார். நாச்சியப்பன் மேலே நடந்தார்.

உச்சியில் ஏழெட்டு இளைஞர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரிடம் செல்போனைக் கொடுத்து எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தார். அவர்கள் இறங்கிப் போனபின் விளிம்புக்குச் சற்று முன்னால் நின்றார். உமையாள் சொன்னது சரி. நாலு ஊரும் தெரிந்தன. ஏரி தெரிந்தது. தண்டவாளத்தில் ஒரு ரயில் புழுப்போல ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாத்தியா..." என்று பக்கவாட்டில் திரும்பினார்.

அங்கே யாரும் இல்லை.

இறங்கத் தொடங்கினார்.

சுனைக்கு வந்தபோது மிளகு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. வாலை ஒருமுறை தரையில் தட்டியது. எழுந்திருக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு அண்ணே?"

"பெருசா இருந்துச்சு."

"அப்புறம்?"

"இறங்கிட்டேன்."

உமையாள் கட்டுச்சோற்றைப் பிரித்தார்.

கோடை போயிற்று. நாச்சியப்பன் முற்றம் பெருக்கினார், விறகு அடுக்கினார், பருப்புக் கடைந்தார். மலையைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. ஆனியில் சாரல் விழுந்தது. ஒரு மாலை அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது மிளகு வழக்கம்போலத் தள்ளிப் படுத்துக்கொண்டு நாணல் மேட்டுப் பக்கம் மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"அம்மா, இந்த நாயும் சந்தோஷமா வர்ற மாதிரி ஒரு மலை சொல்லுங்க."

உமையாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாளைக்கு விடிஞ்சதும் கிளம்புவோம். உப்பு கொஞ்சம் பொட்டலம் கட்டிக்குங்க. அட்டை இருக்கும்."

நாணல் மேட்டுப் பாதை உமையாள் சொன்னபடியே இருந்தது. மண் ஈரமாக இருந்தது. ஓடை சில இடங்களில் பாதைக்கு இந்தப் பக்கம் ஓடியது, சில இடங்களில் அந்தப் பக்கம். மிளகு ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீரில் இறங்கி வயிறுவரை நனைந்து வந்து உதறியது. நாச்சியப்பனின் வேட்டி முழுக்கச் சேறு. அவர் திட்டவில்லை. மிளகின் கழுத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி அது நின்ற இடமெல்லாம் நின்றார். அதனால் ஏறி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

மேட்டில் ஆள் உயரத்துக்குப் புல். மூட்டம் அடர்த்தியாக இறங்கியிருந்தது. நாலு ஊர் அல்ல, நாலு அடி தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் ஓடட்டுமே" என்று நாச்சியப்பன் குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள் ஏதோ தடதடவென்று எழுந்து ஓடியது. கடமான். மிளகு ஒரே பாய்ச்சலில் அதன் பின்னால் போய் மூட்டத்துக்குள் மறைந்தது. கொஞ்ச தூரம் குரைப்பு கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"பள்ளம்" என்றார் உமையாள். "செங்குத்தா இறங்கும்."

 புல்லுக்குள் இறங்கப் போன நாச்சியப்பனை உமையாள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தெரியாம கால் வைக்காதீங்க. நின்ன இடத்துல இருந்து கூப்பிடுங்க."

"மிளகு! ஏ மிளகு!"

பதில் இல்லை.

"நீங்க கூப்பிட்டுப் பாருங்கம்மா."

"நான் கூப்பிட்டா வராது அண்ணே."

அவர் மறுபடி கூப்பிட்டார். கடையில் பையன்களை அழைக்கிற குரல் அது. அவருக்கே அந்நியமாகக் கேட்டது. இந்த நாயை இதற்கு முன் எப்போதாவது பெயர் சொல்லி அழைத்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். நினைவில்லை. அழைத்ததெல்லாம் சிகப்பிதான். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, இழுத்து இழுத்துப் பாட்டுப்போலக் கூப்பிடுவாள். எதிர்வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். "சின்னப் பிள்ளையாட்டம் என்ன இது" என்று அவர் உள்ளே இருந்து கடிந்துகொள்வார்.

நாச்சியப்பன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"மொளகு ராசா... என் கறுப்புத் தங்கம்... வீட்டுக்கு வாடா..."

முதல்முறை குரல் சரியாக எழவில்லை. இரண்டாம் முறை உடைந்தது. மூன்றாம் முறை, சிகப்பி எந்த இடத்தில் இழுப்பாளோ அந்த இடத்தில் இழுத்தார். கண்ணீர் வழிந்தது. துடைக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

புல் அசைந்தது.

மிளகு வந்தது. நாக்கு தொங்க, காதெல்லாம் ஒட்டுப்புல், கால் விரல்களுக்கிடையே அட்டை. வழக்கமாக நிற்கும் தூரத்தில் நிற்கவில்லை. நேரே வந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் எப்போது தரையில் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்கடா போன? எங்கடா போன நீ?"

கயிற்றைக் கழுத்தில் கட்டினார். முதலில் அட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் உப்பைத் தடவிச் சுருண்டு விழும்வரை காத்திருந்தார். துண்டால் விரலிடுக்கில் ரத்தத்தை ஒற்றினார். பிறகு காது. ஒட்டுப்புல் முடியோடு பின்னியிருந்தது. பிடித்து இழுத்தால் வலிக்கும் என்று ஒவ்வொரு முள்ளாக நகத்தால் பிரித்தார். மிளகு ஒருமுறை உறுமியது. "இருடா, இருடா, முடிஞ்சிடுச்சு" என்றார். அது தாடையை அவர் தொடையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உமையாள் உட்கார்ந்திருந்தார்.

ஒரு காதை முடித்துவிட்டு மறு காதுக்குப் போனபோது நாச்சியப்பன் நிமிர்ந்து கழுத்தைத் திருப்பினார். சுற்றிலும் வெள்ளையாக இருந்தது.

"மூட்டம் விலகவே இல்லையேம்மா. நீங்களும் எங்களோட வந்து ஒண்ணும் பாக்காம போறீங்க."

"விலகுச்சே" என்றார் உமையாள். "ஏரி, ஊரு, சூலமலைகூட நல்லாத் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் இருந்துச்சு. இப்பதான் மூடுச்சு."

"அடடா. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"நீங்க வேலையா இருந்தீங்க" என்றார் உமையாள்.