ஹெல்மெட் கேள்வி

இந்தக் கதையை நான் வெகுகாலம் நம்பவில்லை. சொன்னவர் சங்கரபாண்டி. கதையில் வருகிறவரும் அவரேதான். தன்னைப் பற்றித் தானே சொல்லும் கதையில் ஒரு விளக்கு கூடுதலாகவே எரியும். அதை அணைத்துவிட்டுப் பார்த்தபோது மிச்சம் தெரிந்தது இவ்வளவு.

சங்கரபாண்டி நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தார். ஆலையை மூடினார்கள். காதோரம் நரைத்த பிறகு சட்டம் படித்தார். படித்து முடித்த கையோடு, அரசு வழக்கறிஞர் ஜெசிந்தாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

சின்ன ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட் அது. போலீஸ் கொண்டுவரும் வழக்குகளை அரசாங்கத்தின் பக்கம் நின்று நடத்துவது ஜெசிந்தாவின் வேலை. அவருக்குத் துணை நிற்பது இவர் வேலை. அவருக்குச் சம்பளம் உண்டு. இவருக்குக் கிடையாது.

ஜெசிந்தா வயதில் இளையவர். இவர் "மேடம்" என்பார். அவர் "அண்ணாச்சி" என்பார்.

ஒரு காலையில் சங்கரபாண்டி அவர் மேஜை முன் வந்து நின்றார்.

"மேடம், இன்னையோட நின்னுக்கிறேன்."

"முதல்ல உட்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரி தையல் மிஷின்லதான் வீடு ஓடுது. அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே என்னால சாப்பிட முடியல. மதுரையில ஒரு வக்கீல் கூப்பிடுறாரு. சம்பளம் தர்றேங்கிறாரு. இங்க நான் யாருக்கு உழைக்கிறேன்னே தெரியல."

"யாருக்குன்னு தெரிஞ்சா இருப்பீங்களா?"

ஜெசிந்தா ஒரு கேஸ் கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"செயின் பறிப்பு. சாட்சி வந்திருக்காங்க. போலீஸ்ல சொன்னதை வாசிச்சுக் காட்டிக் கூட்டிட்டு வாங்க. சாயங்காலம் பேசுவோம்."

கூண்டு ஏறுவதற்கு முன் சாட்சிக்கு அவருடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுவது அங்கே வழக்கம். சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் நின்றுதான் வாசிப்பார்கள்.

சாட்சி பேச்சியம்மாள். பஸ் நிலையத்தில் பூ விற்கிறவர். செயினைப் பறிகொடுத்தவரும் அவர்தான். செயின் கிடைக்கவே இல்லை.

"'பைக்கில் வந்த நபர் என் கழுத்தில் கிடந்த தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போனார். அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.' சரிதானம்மா?"

"எல்லாஞ் சரிதான் சார். மொகந்தான்… அவன் எல்மெட்டுல்ல மாட்டியிருந்தான்."

"நல்லாப் பார்த்தேன்னு எழுதியிருக்கே?"

"பெறகு பாத்தேன். ஏட்டையா ஸ்டேசன்ல ஒருத்தன உக்கார வச்சு, இவந்தான்னாரு. அப்பத்தான் நல்லாப் பாத்தேன்."

"அவன்தானா?"

"ஏட்டையா படிச்சவரு. தெரியாமயா சொல்லுவாரு?"

சங்கரபாண்டி கட்டை மூடினார். வேகமாகப் படியேறிப் போய் ஜெசிந்தாவிடம் சொன்னார். ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தார்.

"எனக்குச் சம்பளம் யாரு கொடுக்கிறாங்க அண்ணாச்சி?"

"அரசாங்கம்."

"ஏட்டுக்கு?"

"அதே அரசாங்கம்தான்."

"பிடிபட்டிருக்கிற பையனோட வக்கீலுக்கு?"

"அவன் அம்மா ஆட்டை வித்துக் கொடுத்திருக்கு."

"உங்களுக்கு?"

சங்கரபாண்டிக்குக் கோபம் வந்தது.

"அதத்தான மேடம் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்."

ஜெசிந்தா எழுந்து கோர்ட்டுக்குள் போனார். வழக்கைக் கூப்பிட்டார்கள். பந்தல் போடுகிற பையன் ஒருவன் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றான். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் சிறையில் கிடந்தவன். சட்டை தொளதொளவென்று இருந்தது.

"இந்தச் சாட்சியை என் ஜூனியர் விசாரிக்க அனுமதி வேணும் ஐயா" என்றார் ஜெசிந்தா. சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சங்கரபாண்டி எழுந்தார். கேட்க வேண்டிய கேள்வி அவருக்கு மனப்பாடம். செயினை அறுத்தவர் இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா? கேட்டால் போதும். பேச்சியம்மாள் கையை நீட்டிவிடுவார். பையன் திரும்ப உள்ளே போய்விடுவான். இவர் மதுரைக்குப் போய்விடலாம்.

வாசலில் ஏட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார் சங்கரபாண்டி. ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க செயினை அறுத்தவர் தலையில என்ன இருந்துச்சு?"

"எல்மெட்டு."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார்.

"முகம் தெரிஞ்சுதா?"

"தெரியலைங்க ஐயா."

மேலே கேட்பதற்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்கே ஒன்றும் இல்லை. வழக்கு அதற்குப் பிறகு நிற்கவில்லை. பையனை விட்டுவிட்டார்கள்.

அன்று வராந்தாவில் ஏட்டு சங்கரபாண்டியின் காதுபடச் சொன்னார்.

"சும்மா வேலை பாக்கிறப்பவே இந்தப் பாடு. இவருக்குச் சம்பளம் வேற குடுத்திருந்தா?"

சாயங்காலம் அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

"மேடம், கட்டைப் படிச்சப்பவே உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கும்."

"இருந்துச்சு."

"நீங்களே கேட்டிருக்கலாமே?"

ஜெசிந்தா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கதவருகே போய்த் திரும்பினார்.

"ஒண்ணாந்தேதி சம்பளம் வருது அண்ணாச்சி. கூடவே கொஞ்சம் பயமும் வருது."

மறுநாள் காலையிலும் சங்கரபாண்டி வந்தார். சாட்சிகள் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் காத்திருந்தார்கள்.

கதையை இந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். தேர்வெழுதி அவரும் அரசு வழக்கறிஞர் ஆனார். சம்பளமில்லாமல் வந்து சேர்கிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்வார். கதையைக் கேட்டவர்கள் சம்பளத்தை மறந்து மறுநாளும் வந்துவிடுவார்கள். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. வாயைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. அதே கோர்ட்டில் எழுத்தராக இருந்த எனக்கும் ஒண்ணாந்தேதி உண்டு.

அவர் ஓய்வு பெற்ற நாளில் போயிருந்தேன். எல்லோரும் போன பிறகு, போர்த்திய சால்வைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். அப்போது கேட்டேன்.

"அண்ணாச்சி, சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பிறகு, அந்த ஹெல்மெட் கேள்விய எந்தச் சாட்சிகிட்டயாவது கேட்டிருக்கீங்களா?"

"அதைக் கேக்கத்தான ஜூனியருங்கள வச்சிருந்தேன்" என்றார்.