நாற்பது பவளங்களும் ஒரு கரிச்சானும்

பறவைகள் ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஆற்றோர இலுப்பைத் தோப்பில் ஒரு கரிச்சான் தன் மகளுக்குப் பவளம் என்று பேர் வைத்தாள். அதுவரை அங்கே யாரும் கேள்விப்படாத பேர்.

தோப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"அலகிலேர்ந்து வால் வரைக்கும் அடுப்புக்கரி. பேரு பவளமாம்!" என்றாள் மைனாக்கா.

"சொல்...லும்...போதே... வாய்... கோணுதே..." என்று பொந்துக்குள்ளிருந்து முழங்குவதுபோல் சொன்னாள் செம்போத்துப் பெரியம்மா.

அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாய் நிறையப் பவளம் என்றே கூப்பிட்டாள். ஆனால் அந்த வருஷத்து ஆடிக் காற்று அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லை.

மறு வருஷம் மயிலம்மாவுக்குப் பெண் பிறந்தது. மயிலம்மா பெரிய இடம். அவள் தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறாளோ, தோப்பும் அந்தப் பக்கமே சாய்க்கும். அவள் மூக்காலேயே அறிவித்தாள்: "எம் பொண்ணு பேரு பவளேஏஏம்! செல்லமா பவ்வி!"

"அடடா, நாக்குல வச்சதும் இனிக்குதே!" என்றாள் அதே மைனாக்கா.

அவ்வளவுதான். மைனாக்கா வீட்டில் இரண்டு பவளம். செம்போத்து வீட்டில் ஒரு பவளம். தவிட்டுக்குருவிக்கு ஒரே ஈட்டில் நாலு பெண்கள், நாலும் பவளம். "வேற பேருக்கு எங்க போறது? எங்கடி போறது? எங்க போறதுங்கறேன்!" என்று கத்தினாள் அவள். இரண்டு வருஷத்தில் நாற்பது பவளங்கள்.

செல்லப் பேர்களும் முளைத்தன. பவ்வி என்றால் பெரிய வீட்டுப் பிள்ளை. பவளு என்பதும் நல்லாத்தான் இருந்தது. ஒரு தவிட்டுக்குருவிப் பவளு அடுத்த கூட்டு அத்திப்பழத்தைத் தின்று மாட்டிக்கொண்டாள். மறுநாளே மற்ற பவளுக்கள் எல்லாம், "அம்மா, என்னைப் பவளுன்னு கூப்பிடாதே, மானம் போகுது!" என்று அழுதார்கள்.

கரிச்சான் மகளுக்குச் செல்லப் பேர் வைக்கும் ஆளும் இல்லை. புதிதாகக் குடிவந்த கௌதாரி அவளிடம் கேட்டாள்: "நீயும் பவளமா? மயிலம்மா வீட்டைப் பார்த்து வச்சுக்கிட்டியா?"

"நான்தான் முதல் பவளம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, போ," என்று கௌதாரி நடையைக் கட்டினாள்.

கரிச்சானுக்கு ஒரே ஆசைதான். யாராவது அவளை ஒரு தரம், அவளுக்காகவே, பேர் சொல்லிக் கூப்பிடணும். அது நடக்கவில்லை. அதனால் மற்றவர் கூடுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். தாய்மார்கள் தங்கள் பவளங்களைக் கூப்பிடும்போது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு அத்தனை குரல்களும் அவள் தொண்டையில் குடியேறிவிட்டன.

ஒருநாள் சும்மா மைனாக்கா குரலில் கூப்பிட்டுப் பார்த்தாள்: "வா வா வா பவளம், சீக்கிரம் சீக்கிரம்!"

வாயைத் திறந்துகொண்டு மைனாப் பவளம் ஓடி வந்தது. கூடவே இன்னும் பன்னிரண்டு பவளங்கள். கரிச்சான் சிரித்த சிரிப்பில் கிளையே ஆடியது. அம்மா போனபிறகு அன்றுதான் சிரித்தாள். ஆனால் வந்தவர்கள் அவளைப் பார்த்ததும், "அட, நீயா," என்று திரும்பிப் போய்விட்டார்கள். வந்து நின்ற அந்த ஒரு நொடிக்காகவே தினமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் அப்படிக் கூப்பிட்டபோது, மைனாக்காவின் கடைக்குட்டி, இறகு முளைக்காத இன்னொரு பவளம், பொந்தை விட்டு வெளியே கால் வைத்தது. பொத்தென்று சருகில் விழுந்தது.

கரிச்சான் பதறி இறங்கினாள். குஞ்சு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கேட்டது: "அம்மா எங்கே?"

"அம்மா கூப்பிடலை. நான்தான்."

"நீயா? அம்மா மாதிரியே இருந்துச்சே. இன்னொரு தடவை கூப்பிடு."

கரிச்சான் குஞ்சின் மேலிருந்த சருகை அலகால் எடுத்துப் போட்டாள்.

அதற்குள் தோப்பு கூடிவிட்டது. மைனாக்கா குஞ்சை அணைத்துக்கொண்டு தேம்பினாள். மயிலம்மா தீர்ப்புச் சொன்னாள்: "இனிமே இங்கே யாரும் யாரையும் பவளம்னு கூப்பிடக் கூடாதுஉஉ! அவங்கவங்க பொண்ணு காதுல ஒரு புதுப் பேரைச் சொல்லிடுங்க. இவளுக்குக் கேட்காம, மெதுவா."

தாய்மார்கள் வரிசையாகக் குனிந்து மகள்களின் காதில் கிசுகிசுத்தார்கள். குஞ்சுகள் கூச்சத்தில் சிலிர்த்தன. கரிச்சானும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நாற்பதாவது காதும் முடிந்தது.

"எனக்கு?" என்றாள்.

மயிலம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன்னைக் கூப்பிட யாரு இருக்கா? அந்தப் பவளத்தை நீயே வச்சுக்கோ."

சாயங்காலத்துக்குள், "பவளமா? பழம் பேரு. எனக்கு அப்பவே பிடிக்கலை," என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள் மைனாக்கா.

இப்போது தோப்பில் ஒரே ஒரு பவளம்தான். கரிச்சான் இலையில்லாத ஒற்றைக் கிளையில் போய் உட்கார்ந்தாள். மைனாக்கா குரலில் பவளம் என்று கூப்பிட்டாள். எந்தக் கூட்டிலும் அசைவில்லை. செம்போத்துக் குரலில் கூப்பிட்டாள். மயிலம்மா குரலில் மூக்கால் இழுத்தாள். பிறகு தன் சொந்தக் குரலில், "இதோ வந்துட்டேன்!" என்று பதில் சொல்லிவிட்டு, விருட்டென்று பறந்து காற்றில் ஒரு வட்டம் போட்டாள். அங்கே யாரும் இல்லை. கிளைக்கே திரும்பினாள்.

கரிச்சான் தனியாக உட்கார்ந்து ஊர்ப் பறவைகளின் குரலிலெல்லாம் மாறி மாறிக் கூவுவதும், யாரோ கூப்பிட்டதுபோல் திடீரென்று பறந்துபோய், போன வேகத்திலேயே அதே கிளைக்குத் திரும்பி வருவதும் அன்று முதல்தான்.