மூச்சுக்கு நூல் கட்டிய சிலந்தி

அந்தக் காலத்தில், பூச்சி பொட்டெல்லாம் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, மூச்சு தானாக ஓடாது. நெஞ்சுக்குள் காற்று வந்ததா போனதா என்பதே மூளைக்குத் தெரியாது. மாடியில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷனுக்கு அடுப்படி நிலவரம் என்ன தெரியும்? விழித்திருப்பவர்கள் நினைத்து நினைத்து மூச்சு விட்டார்கள். தூங்குகிறவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, "இழு... விடு..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்குக் காவல் என்று பெயர். காவலை விட்டு எழுந்து போகக் கூடாது.

கடற்கரையில் பேச்சி என்றொரு பெண் இருந்தாள். புருஷன் மீன்பிடிக்கப் போயிருந்தான். மடியில் தூங்கிய மகள் செந்திக்கு அவள் காவல் இருந்தாள். மத்தியான வெயிலில் கொழுந்தன் சுடலை ஓடி வந்தான்.

"மதினி... வள்ளம் கவுந்துட்டு. அண்ணன் போயிட்டான்."

பேச்சி எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சிலிருந்து கையையும் எடுக்கவில்லை. ஆனால் "இழு" என்று சொல்ல வாயைத் திறந்தால் ஒப்பாரிதான் வந்தது. அழுது ஓய்ந்து குனிந்தபோது, கைக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு அசையாமல் கிடந்தது. பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை. அந்தப் பாவி பேச்சியை யார் தேற்ற முடியும்?

கூரையிலிருந்து ஒரு சிலந்தி இறங்கி வந்தது.

"தாயி, நான் வலையைப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கேன்? எது முட்டினாலும் நூல் இழுக்கும், தெரிஞ்சுக்குவேன். மூச்சுக்குழாயிலயும் அப்படிக் கட்டினா மூளைக்குத் தெரிஞ்சிடும்."

"எம் பிள்ளை திரும்பி வருவாளா?"

"வரமாட்டா. இனி எந்தப் பிள்ளைக்கும் காவல் வேண்டியதில்ல."

பேச்சி பிள்ளையை மடியிலிருந்து இறக்கிக் கிடத்தினாள். பிறகு சிலந்தி உள்ளே போக வாயைத் திறந்து காட்டினாள்.

சிலந்தி உள்ளே போய், மூச்சுக்குழாய்ச் சுவரெங்கும் நூலை ஒட்டி, நுனிகளை மூளையில் முடிச்சிட்டது. காற்று முட்டிச் சுவர் விரிந்தால் நூல் இழுபடும்; "போதும், விடு" என்றது மூளை. காற்று குறைந்து நூல் தளர்ந்தால் "இழு" என்றது. அதைப் பார்த்து ஊரே, தங்களுக்கும் நூல் கட்டச் சொல்லி, சிலந்தியின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

செந்தியைப் புதைத்த மணலில் பேச்சி படுத்துக்கொண்டாள். பிள்ளை போன வழியே போய்விடலாம் என்று மூச்சை நிறுத்தினாள். மூளை விடவில்லை. வெடுக்கென்று காற்றை உள்ளே இழுத்தது. மறுபடி நிறுத்தினாள், மறுபடி இழுத்தது. "என்னை ஏன் விடமாட்டேங்குற?" என்று அவள் கேட்டதுகூடத் துண்டு துண்டாகத்தான் வந்தது.

அன்று முதல்தான், எவ்வளவு பெரிய துக்கத்தில் அழுதாலும் நம் மூச்சு நிற்பதில்லை. நாம் வேண்டாம் என்றாலும் விம்மி விம்மி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.