பூவிழி அனுப்பிய ஆறு எண்கள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், விலங்குகள் எல்லாம் கைபேசி வைத்திருந்த காலம் அது, குழந்தைகளே. அங்கே பூவிழி என்றொரு முயல் இருந்தது. இளகிய மனம் அதற்கு. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

ஒரு நாள் காலை, புதிய எண்ணிலிருந்து அதற்கு ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான்தான் செவ்வந்தி. என் போன் ஆற்றில் விழுந்துவிட்டது. குட்டிக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. உன் போனுக்கு ஆறு எண்கள் வரும். உடனே எனக்கு அனுப்பு. வைத்தியரிடம் பேச வேண்டும்!"

செவ்வந்தி பூவிழியின் தங்கை. ஆற்றுக்கு அக்கரையில் வாழ்ந்தது. பூவிழிக்குக் கைகால் ஓடவில்லை. அதற்குள் ஆறு எண்களும் வந்துவிட்டன. "இதை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கூடவே எழுதியிருந்தது.

"தங்கை என்ன அந்நியமா?" என்று சொல்லிக்கொண்டே பூவிழி அதை அனுப்பிவிட்டது.

அடுத்த நொடி, போனில் செய்தி அனுப்பும் அதன் கணக்கு அதற்கே திறக்கவில்லை. பதறிப்போய்த் தங்கையின் பழைய எண்ணுக்கு அழைத்தது.

"என் போனுக்கு என்ன? நன்றாகத்தானே இருக்கிறது!" என்றது செவ்வந்தி. "குட்டி இதோ மண்ணில் புரண்டு விளையாடுகிறான். ஏன் அக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கிறது?"

"ஒன்றுமில்லை" என்று வைத்துவிட்டது பூவிழி. கண்ணீர் முட்டியது. 'வெளியே தெரிந்தால் காடே சிரிக்கும். யாரிடமும் சொல்லக் கூடாது' என்று வளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

சிறிது நேரத்தில் வாசலில் முள்ளாண்டியின் குரல் கேட்டது. முள்ளாண்டி பக்கத்து வளை முள்ளம்பன்றி. எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கும்.

"நீ செய்தது நியாயமா பூவிழி? குகை நரி காட்டை விட்டே போய்விட்டது, பாறைக் குகைக்குப் பின்னால் நாவற்பழம் கொட்டிக் கிடக்கிறது என்று காட்டுக் குழுவில் செய்தி போட்டிருக்கிறாய். அதென்ன, குட்டிகளை மட்டும் அனுப்புங்கள் என்று? பெரியவர்களுக்கு நாக்கு இல்லையா? அணிலின் குட்டிகள் இரண்டும் இப்போதுதான் துள்ளிக்கொண்டு போகின்றன!"

பூவிழி துள்ளி எழுந்தது. நரி எங்கும் போகவில்லை, அதை எழுதியதே அந்த நரிதான்!

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால்?

"அண்ணா, அது நான் அனுப்பியதில்லை. நான் ஏமாந்துவிட்டேன். என் கணக்கு நரியிடம் இருக்கிறது. திட்டுவதென்றால் அப்புறம் திட்டுங்கள்!"

"திட்ட எங்கே நேரம்? நீ ஓடு! நான் எல்லோரிடமும் சொல்கிறேன்" என்றது முள்ளாண்டி.

பூவிழி ஓடியது. அப்படி ஓர் ஓட்டம் அது அதுவரை ஓடியதில்லை. குகைக்குச் சற்று முன்னால் இரண்டு சின்ன வால்கள் தெரிந்தன.

"மரத்தில் ஏறுங்கள் கண்ணுகளா! ஏறுங்கள்!"

குட்டிகள் தாவி ஏறின. பாறைக்குப் பின்னாலிருந்து பாய்ந்த நரிக்கு வெறும் காற்றுதான் கிடைத்தது. அது பல்லைக் கடித்துக்கொண்டு பூவிழியின் பக்கம் திரும்பியது. பூவிழி சட்டென்று முட்புதருக்குள் நுழைந்துகொண்டது. அதற்குள் முள்களைச் சிலிர்த்தபடி முள்ளாண்டி வந்துவிட்டது. பின்னாலேயே மான்கள், கீரிகள், காட்டெருமைகள். நரி அன்று எடுத்த ஓட்டம், அந்தக் காட்டுப் பக்கம் மறுபடி வரவில்லை.

புதரிலிருந்து வெளியே வந்த பூவிழி தலையை நிமிர்த்தவே இல்லை. தாய் அணில் அதன் அருகில் வந்து, காதில் குத்தியிருந்த முள்ளை மெல்ல எடுத்தது.

"என்னை மன்னித்துவிடு. என்னால்தான்..." என்றது பூவிழி.

"இல்லை. போன வாரம் நானும் இப்படித்தான் எண்ணை அனுப்பி ஏமாந்தேன். உன் தங்கை பெயர்கூட என் போனிலிருந்துதான் நரிக்குத் தெரிந்திருக்கும். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். நீ வாயைத் திறந்தாய். என் குட்டிகள் பிழைத்தன."

"எனக்கும் ஒரு முறை நடந்தது" என்றது மான், தரையைப் பார்த்தபடி. "எனக்கும்தான்" என்றது கீரி.

முள்ளாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"எனக்கு இரண்டு முறை" என்றது.

நீதி: ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே, ஏமாந்துவிட்டால் அதை யாரிடமும் மறைக்காதே.