பேராசிரியர் பெயரில் ஒரு பட்டாம்பூச்சி

செல்லக்கிளி ஒரு மலையடிவார ஆய்வு நிலையத்தில் தினக்கூலி உதவியாளர். வழுக்குப்பாறையின் ஈரத்தில் உட்கார்ந்திருந்த அந்த நீலப் பட்டாம்பூச்சியை முதலில் பார்த்தவள் அவள்தான். அதுவரை யாருடைய பட்டியலிலும் இல்லாத இனம் அது.

அந்த இனம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்று, அவளை வேலைக்கு வைத்திருந்த பேராசிரியர் பரமகுருநாதனுக்கு ஆசை. ஆனால் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு தன் பெயரையே சூட்டிக்கொள்வது அந்தத் துறையில் வழக்கமில்லை. செய்தால் சிரிப்பார்கள்.

அவர் செல்லக்கிளியை அழைத்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல நீதான் கண்டுபிடிச்சேன்னு சொல்லு. என் பேரை வைக்கிறதாவும் சொல்லு. இல்லைன்னா திங்கட்கிழமை வேலைக்கு வராதே."

"சொல்றேன் சார். ஆனா கூலிக்காரி பேச்சை யார் நம்புவாங்க? நீங்களே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கண்டுபிடித்தது செல்லக்கிளிதான் என்று அவர் சந்தோஷமாக எழுதினார். யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று, 'இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை' என்ற வரியையும் சேர்த்தார்.

மறுநாள் கூட்டத்தில் நிலையத்தின் இயக்குநர் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"என்ன பேரு வைக்கப் போறீங்கம்மா?" என்று இயக்குநர் அவளிடம் கேட்டார்.

"வழுக்குப்பாறை நீலன்ங்க."

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "ஏய், என் பேரு என்னாச்சு?"

"உங்க பேரை எப்படி சார் வைக்கிறது? உங்களுக்கு இதுல பங்கே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே!"

அரங்கம் சிரித்தது. இயக்குநர் கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார்.

திங்கட்கிழமை செல்லக்கிளி வேலைக்கு வந்தபோது, பாறைக்கு வழி காட்டச் சொல்லி இயக்குநரே வாசலில் காத்திருந்தார்.